விரற்கடை உயரங்கள்

மலைக்கு ரசிகர்கள் ஏராளம். சிகரத்தையும் அருவியையும் பாராட்ட ஆள் குறைந்ததே இல்லை. சமதரையின் அழகைச் சொல்லத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. அந்த அழகைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் சிங்கப்பூரின் வடமேற்கு மூலைக்கு வர வேண்டும். கிராஞ்சியை ஒட்டி, ஜொகூர் நீரிணையின் கரையோரமாக, சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் விரிந்து கிடக்கிறது. அதற்குள் ஒரு வட்டப்பாதை உண்டு. நீளம் 1.95 கிலோமீட்டர். வலசைப் பறவைகளின் பெயரையே அந்தப் பாதைக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்றமும் இறக்கமும் இல்லை, மூச்சு வாங்காது. காலுக்கு வேலை குறைவு என்பதால் கண்ணுக்கு முழு நேரமும் கிடைக்கிறது.

இதை வெறும் தட்டை நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். மீட்டரால் அளக்கிறவருக்குத்தான் இது தட்டை. விரற்கடையாலும் சாணாலும் அளக்கிறவருக்கு மேடும் பள்ளமும் நிறைந்த பெரிய தேசம். சேறு நீருக்கு மேல் இரண்டு விரற்கடை எழுந்தால் ஒரு பறவைக் கூட்டமே அங்கே இறங்கும். இரண்டு விரற்கடை தாழ்ந்தால் அதே இடம் மீனுக்குச் சொந்தம். வேர் ஒரு சாண் மேலே வந்தால் மரம் பிழைக்கிறது. அலகு ஒரு விரற்கடை நீண்டால் வேறொரு புழு எட்டுகிறது. இத்தனை சிறிய உயரங்களைக் கொண்டு இத்தனை பெரிய வாழ்வு எழும்பி நிற்கும் நேர்த்தியை ஒவ்வொன்றாக நின்று பார்ப்போம். அவசரம் வேண்டாம்.

முதலில் கால் பதிந்திருக்கும் பாதையையே குனிந்து பாருங்கள். நாம் நடப்பது பழைய இறால் குட்டைகளின் வரப்பு. இந்தக் கரையில் ஒரு காலத்தில் இறால் பண்ணைகள் இருந்தன. அலையாத்திக் காட்டுச் சேற்றை அள்ளிக் குவித்து வரப்பு எழுப்பினார்கள். அள்ளிய பள்ளம் குட்டையாயிற்று. ஒரே உழைப்பில் இரண்டு வேலை. நீர் நிறைந்து நிற்கும்போதும் வரப்பின் தலை நனையாமல் இருக்க வேண்டும், அவ்வளவே தேவை. அதற்கு மேல் ஒரு கூடை மண்ணும் வீணாக்காத சிக்கனம் இந்தப் பாதையின் உயரத்தில் இன்றும் தெரிகிறது. அதனால்தான் இங்கே நடக்கிறவருக்கு நீர் கீழே எங்கோ இருப்பதாகத் தோன்றுவதில்லை. இரு பக்கமும் அது கணுக்காலுக்குப் பக்கத்தில் மினுமினுக்கிறது. ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் கண்டல் மரங்கள், அவற்றுக்கு அப்பால் ஆறு. நடுவே நாம், நீரின் தோளில் கை போட்டபடி நடக்கிறோம். வரப்பு வளைகிற இடத்தில் பாதையும் வளைகிறது. ஒவ்வொரு வளைவிலும் குட்டை தன் முகத்தைச் சற்றே திருப்பிக் காட்டுகிறது.

வரப்பில் ஆங்காங்கே மதகுகள். பார்வைக்குச் சிறியவை. கடந்து போகிறவர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. தயவுசெய்து நில்லுங்கள், இந்த இடத்தின் உயிர்நாடி இங்கேதான் துடிக்கிறது. கடல் இங்கே நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 3 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். அந்த ஏற்றத்தைத்தான் பண்ணைக்காரர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நீர் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். கடலோடு சேர்ந்து இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் தாமாகவே உள்ளே வரும். மூடி வளர்ப்பார்கள். பிறகு ஒரு வற்றத்தில் மதகின் வாயில் வலையைக் கட்டித் திறந்துவிட்டால், வெளியேறும் நீரே அறுவடையை வலையில் சேர்த்துவிடும். நிலாவின் இழுவிசையை ஒரு கதவால் ஆண்ட மனிதர்களின் கூர்மையை நினைக்க நினைக்க மனம் குளிர்கிறது.

அதே மதகு இன்று வேறொரு வேலை பார்க்கிறது. இறாலுக்காகத் திறந்து மூடியது இப்போது பறவைக்காகத் திறந்து மூடுகிறது. காப்பகத்தார் குட்டையின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்குகிறார்கள். நோக்கம் ஒன்றுதான்: வெளியே கடல் ஏறி எல்லாச் சேற்றையும் மூடிவிடும் வேளையில், உள்ளே மட்டும் கொஞ்சம் சேறு மூழ்காமல் இருக்க வேண்டும். பக்கத்து மண்டாய் சேற்றுவெளியில் வற்றத்தின்போது இரை தேடும் பறவைகள், நீர் ஏற ஏற ஒதுங்க இடமின்றி எழும்பும். எழும்பியவை நேராக இந்தக் குட்டைகளுக்கு வரும். ஆகவே கரைப்பறவைகளைக் காண விரும்புகிறவர் கடல் வற்றும் நேரத்தை விட்டுவிட்டு, ஏறும் நேரத்தில் இங்கே இருக்க வேண்டும். முதலில் வானில் ஒரு நூலிழை. பிறகு அது கூட்டமாகத் திரளும். குட்டைக்கு மேல் ஒரு சுற்று. எல்லாச் சிறகும் ஒரே நொடியில் திரும்பும்போது கூட்டம் முழுதும் வெள்ளி, மறு நொடியில் முழுதும் பழுப்பு. அப்புறம், யாரும் யாரையும் இடிக்காமல், அந்தச் சில விரற்கடை மேட்டில் வந்து இறங்கி நிற்கும்.

இறங்கியவற்றின் அலகுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். பொன்னிற உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. அது கண்ணால் வேட்டையாடும் பறவை. நான்கடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரே கொத்து. பவளக்கால் உள்ளானுக்கு அலகு நடுத்தரம்; சேற்றின் மேல்தோலைத் துழாவப் போதுமானது. கருவால் மூக்கனுக்கு அது நீண்டு நேராக இறங்குகிறது. முகம் நனையும் ஆழம் வரை புதைத்து எடுக்கும். சின்னக் கோட்டானின் அலகோ கீழ்நோக்கி அழகாக வளைந்தது, நண்டு வளையின் வளைவுக்கென்றே வார்த்தது. ஒரே சேறு, பல அடுக்கு. மேலடுக்கில் இருப்பது ஒருவருக்கு, அடியடுக்கில் இருப்பது இன்னொருவருக்கு. சண்டையின்றிப் பங்கு பிரித்த இந்த ஏற்பாட்டின் நேர்த்தி எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

உள்ளான் இனத்து அலகின் நுனியில் இன்னும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. அது வெறும் கொம்பில்லை. நுனியில் நுண்ணிய குழிகள், குழிக்குள் அழுத்தத்தை உணரும் நரம்புமுனைகள். சேற்றுக்குள் ஒரு புழு அசைந்தால் அந்த அசைவு அலகின் நுனிக்குத் தெரியும். தெரிந்தபின் அலகு முழுவதையும் திறக்கத் தேவையில்லை. சேற்றுக்குள் புதைந்தபடியே நுனியை மட்டும் லேசாக மேலே தூக்கி இரையைப் பற்றிவிடும். கண் காணாத இருட்டில், ஒரு விரற்கடைக்கும் குறைவான இடத்தில் நடக்கும் இந்த மென்மையான வேலையில், கரையில் நிற்கும் நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு சிறு தலையசைப்பு மட்டுமே.

அந்தப் பவளக்கால் உள்ளானை விட்டு உடனே கண்ணை எடுத்துவிடாதீர்கள். பெயர் சொல்லும் சிவந்த கால்கள். அதே சிவப்பு அலகின் அடியிலும் ஒட்டியிருக்கும். உடம்பெல்லாம் அடக்கமான சாம்பல் பழுப்பு. பறக்க எழும்பும்போது மட்டும் சிறகின் பின்விளிம்பில் ஒரு தூய வெள்ளைப் பட்டை விரிகிறது. இறங்கியதும் அதை மடித்து மறைத்துக்கொள்கிறது. சிலவற்றின் காலில் பச்சையும் வெள்ளையுமாகச் சிறு அடையாளத் துண்டுகளைக் காணலாம். அவை சிங்கப்பூரில் பிடித்து, அளந்து, வளையமிட்டு விடப்பட்டவை. அவற்றோடு தடமறியும் கருவியும் பொருத்தி அனுப்பிய உள்ளான்களில் சில, கோடைக்கு இமயமலையையே கடந்து திபெத்தியப் பீடபூமிக்குப் போனது ஆய்வில் தெரியவந்தது. 100 முதல் 150 கிராம் வரையே எடையுள்ள ஓர் உயிர்! உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரைத் தாண்டி வந்த கால்கள் இப்போது ஒரு சாண் நீரில், ஒன்றை மடித்து மற்றொன்றில் ஊன்றி, ஓய்வாக நிற்கின்றன. மலை ரசிகர்களும் இங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

பொன்னிற உப்புக்கொத்தியின் முதுகுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மஞ்சள் பொட்டு. வெயில் சாயும் வேளையில் அந்தப் பொட்டுகள் விளக்குகளாக ஒன்றொன்றாக ஏற்றப்படுகின்றன. மார்ச் மாதம் நெருங்கும்போது வந்தால் இன்னொரு அழகும் கிடைக்கும். வெளிறிய நெஞ்சிலும் வயிற்றிலும் கறுப்பு இறங்கத் தொடங்கியிருக்கும். சைபீரிய வடகோடியின் மணக்கோலத்தை அது வெப்பமண்டலக் குட்டை ஓரத்திலேயே அணியத் தொடங்கிவிடுகிறது. ஒரே கூட்டத்தில் ஒருவருக்குப் பாதி கறுப்பு, ஒருவருக்கு இப்போதுதான் ஓரிரண்டு துளி. பயணத்துக்கு யார் எவ்வளவு தயார் என்பதை நெஞ்சிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்க்கக் குட்டையை நோக்கி மறைவுக்கூடங்கள் கட்டியிருக்கிறார்கள். மரத்தாலான எளிய கட்டடம். முன்சுவரில் நீளவாக்கில் குறுகிய திறப்பு. அந்தத் திறப்பைக் கட்டடக்கலை என்றே சொல்வேன். அது வானத்தையும் தரையையும் வெட்டிவிட்டு நீர்மட்டத்தை மட்டும் கண்முன் வைக்கிறது. உள்ளே நுழைந்தவர்கள் யாரும் சொல்லாமலே குரல் தாழ்த்துகிறார்கள். முழங்கையை ஊன்றிக் குனிந்ததும் நம் கண் ஏறக்குறைய பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால்தான் அந்தச் சேற்றுத் திட்டு மேடு என்பது புரியும்.

குட்டையை விட்டுக் கண்டல் பக்கம் திரும்புங்கள். நெய்தல் திணை படித்து வளர்ந்த கண்ணுக்குக் கழியும் கண்டலும் குருகும் சேர்ந்திருக்கும் இந்தக் காட்சி அந்நியமாக இராது. பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் இந்த மரங்களின் உறவினரை அங்கே பார்த்திருப்பார்கள். படகிலிருந்து பார்க்கும்போது தவறிப்போவது வற்றத்தில் தெரியும் தரை. சேற்றைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் பென்சில் பருமனில் செங்குத்தாக எழுந்து நிற்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். இந்தச் சேற்றுக்குள் காற்று இல்லை. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆகவே வேர் மண்ணை விட்டு வானை நோக்கி வளர்கிறது. ஒவ்வொன்றின் தோலிலும் காற்றை உள்ளிழுக்கும் நுண்துளைகள். உற்றுப் பார்த்தால் அவை வரிசையாகப் போவதையும் காணலாம்: சேற்றுக்கு அடியில் படுத்து ஓடும் ஒரு வேர், தான் போகும் வழியெங்கும் மூச்சுக்கு ஒன்றாக மேலே அனுப்பிக்கொண்டே போயிருக்கிறது. அந்த வரிசையைக் கண்ணால் தொடர்ந்து போனால் தாய்மரம் வந்துவிடும்.

சுரபுன்னையின் வழி வேறு. அது தண்டிலிருந்தே வேர்களை வளைத்து இறக்கி, சேற்றில் ஊன்றி, தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்கிறது. வளைவுக்குள் வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு. நீரில் விழும் நிழலோடு சேர்ந்து முழு வட்டங்கள். கிளைகளில் நீளமாகத் தொங்குபவற்றைக் காய் என்று எண்ணத் தோன்றும். அவை காயைப் பிளந்து வெளிவந்துவிட்ட நாற்றுகள். விதையை மண்ணில் போட்டு முளைக்கவிட இந்த உப்புச் சேற்றில் நேரமில்லை. ஆகவே தாய் தன் மடியிலேயே முளைக்கவைத்து, ஒரு முழம் வரை வளர்த்து, பிறகுதான் கீழே விடுகிறது. வற்றத்தில் விழுந்தது சேற்றில் குத்திட்டு நிற்கலாம். ஏற்றத்தில் விழுந்தது மிதந்து போய் வேறு கரையில் ஊன்றலாம். இரண்டுக்கும் தயாராகவே அனுப்பிவைக்கிறது.

வேர்களுக்கு நடுவே ஏதோ தத்தியது அல்லவா? மட்ஸ்கிப்பர். நீரை விட்டு வெளியே வாழப் பழகிய மீன். இங்குள்ள பெரிய இனம் ஒரு சாணுக்கும் மேல் வளரும். தலையின் உச்சியில் இரண்டு கண்களும் துருத்திக்கொண்டு நிற்கும். சிறிது நேரத்துக்கு ஒருமுறை கண்ணை உள்ளே இழுத்து, நனைத்து, மீண்டும் உயர்த்தும். மீனுக்கு இமைத்தல் எதற்கு என்று கேட்கிறவர் இதைக் காண வேண்டும். முன்துடுப்புகளை ஊன்றி ஊன்றி அது சேற்றில் நடக்கும் நடையில் அவசரமே இல்லை. அதன் உண்மையான பெருமை சேற்றுக்கு அடியில் இருக்கிறது. முட்டையிட அது தோண்டும் வளையில் நீர்தான் நிறைந்திருக்கும்; அந்த நீரில் உயிர்க்காற்று போதாது. ஆகவே மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அள்ளி, கீழே கொண்டுபோய் வளையின் கூரையில் விடுகிறது. மீண்டும் வருகிறது, மீண்டும் அள்ளுகிறது. பிள்ளைகளுக்காக ஓர் அறை முழுதும் காற்றை வாயாலேயே நிரப்பும் அந்தப் பொறுமைக்கு எந்தச் சொல்லும் போதாது.

அதன் பக்கத்திலேயே சிறு நண்டுகளின் வளைகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அதை உயர்த்தி உயர்த்தி அழைக்கும். மற்ற சிறு கொடுக்கால் சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோய், உண்ணத்தக்கதை எடுத்துக்கொண்டு, மீதியைக் குட்டிக் குட்டி உருண்டையாக வெளியே வைக்கும். வளையின் வாசலைச் சுற்றி அந்த உருண்டைகள் விடிகாலைக் கோலத்தின் புள்ளிகளாக இறைந்து கிடக்கின்றன. அடுத்த ஏற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும். வற்றியதும் நண்டு மறுபடி தொடங்கும். மரமேறும் நண்டுகளும் உண்டு. நீர் ஏறும்போது அடிமரத்தில் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே பாருங்கள். நீரில் வரும் பெரிய மீன்களுக்கு எட்டாமல், பட்டையோடு பட்டையாக ஒட்டி அமர்ந்திருக்கும். நீர் ஒரு விரற்கடை ஏறினால் அதுவும் ஏறும். கடலின் அளவை இத்தனை துல்லியமாகக் காட்டும் கருவியை வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனை நுட்பங்களைப் பார்த்துப் பார்த்துச் சேற்றிலேயே பதிந்துவிட்ட கண்ணைப் பாதையோரம் உதிர்ந்து கிடக்கும் பூக்கள் மீட்டெடுக்கும். நீர்ப்பருத்தியின் பூக்கள். காலையில் மலரும்போது தெளிந்த மஞ்சள், அடிவயிற்றில் ஆழ்ந்த அரக்கு. பொழுது ஏற ஏற மஞ்சள் சிவக்கத் தொடங்கும். மாலையில் செம்மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஒரு நாள்தான் ஆயுள். ஆகவே நிமிர்ந்தால் மரத்தில் காலை, குனிந்தால் மண்ணில் மாலை. கசங்காமல் முழுப்பூவாகவே விழுவதால், உதிர்ந்ததிலும் ஒரு நிறைவு இருக்கிறது.

ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு வந்துவிட்டோம். இங்கே கைப்பிடியில் சாய்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் முதலையைத் தேடுகிறார்கள். உவர்நீர் முதலைகள் இந்த ஆற்றில் உண்டு. தேடுவது எளிதில்லை, ஏனெனில் அவை நீருக்கு மேலே காட்டுவது கண்ணும் நாசியும் மட்டும், அதுவும் ஓரிரு விரற்கடை உயரம். அந்தச் சிறு மேடுகளுக்குக் கீழே முழு உடலும் அசைவற்று மிதக்கும் கட்டுப்பாட்டைப் பாருங்கள். அதே ஆற்றோரம் சாம்பல் நாரை நிற்கிறது, தன் பொறுமையில் முதலைக்குக் குறையாமல். கழுத்தை மடித்து, அம்பை நாணில் ஏற்றியபின் விடாமல் வைத்திருக்கும் நிலை. நீருக்கு அப்பால் ஜொகூர் பாருவின் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. இங்குள்ள அளவுகளுக்குப் பழகிவிட்ட கண்ணுக்கு அவை இப்போது தேவைக்கு மேல் உயரமாகத் தெரியும்.

இந்த நிலத்துக்கு இப்படி ஒரு வாழ்வு தானாக அமையவில்லை. கைவிடப்பட்ட பண்ணைக் குட்டைகளில் இத்தனை பறவைகள் இறங்குவதை 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் கண்டார்கள். கண்டதை எழுதி, காக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். 1993 டிசம்பரில் 87 ஹெக்டேரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப்படி காப்பகமாயிற்று. 2003இல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற மதிப்பும் வந்தது. இன்று பரப்பு 202 ஹெக்டேர். நிலம் பொன்னுக்கு நிகரான ஒரு தீவில் இது சிறிய காரியமில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, காக்க வந்தவர்கள் காட்டிய நிதானம். பழைய வரப்பை இடிக்கவில்லை, அதையே பாதையாக்கினார்கள். மதகைப் பெயர்த்து எறியவில்லை. அதையே பறவைக்கு உழைக்கவைத்தார்கள். இறால் வளர்த்தவரின் கைத்திறனும் பறவை காப்பவரின் கைத்திறனும் ஒரே கதவில் சந்திக்கின்றன.

செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே வாருங்கள். அதுதான் வலசைக் காலம். கிளம்பும் முன் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரத்துக்குச் சற்று முன்பே மறைவுக்கூடத்தில் இருந்தால் பறவைகள் வந்து இறங்குவதைக் காணலாம். ஒரு சுற்று முடிந்ததும் புறப்பட்டுவிடாதீர்கள். நீர் வற்றத் தொடங்கியபின் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று வாருங்கள். முதல் சுற்றில் பளபளவென்று நீராக இருந்த இடத்தில் இப்போது வேர் வரிசையும் நண்டு வளையும் மட்ஸ்கிப்பரின் தடமும் இருக்கும். ஒரே பாதையில் இரண்டு நிலங்களைக் காட்டித்தரும் நடை இது. அப்படி இரு சுற்று நடந்தவர் எவரும் இந்த இடத்தைத் தட்டை என்று மறுபடி சொல்லமாட்டார்.